நூறு ஏக்கர்

கல்லறைக்கல் அதற்குமேல் பேசவில்லை:
ஃபார்க்கர் மதேசன். ஸ்காட்லாந்தில் பிறந்தவர்.
செப்டம்பர் 1881. வயது எண்பத்து நான்கு.
ஸ்காட்லாந்தில் எங்கே என்று கேட்டால்
பாசிதான் பதில்.

கேப் பிரெட்டனில் நான் பனி வாரும் வண்டி ஓட்டுகிறவள்.
நவம்பர் முதல் ஏப்ரல் வரை
சாலை எங்கே இருந்தது என்று
கம்பங்களை வைத்துக் கண்டுபிடிப்பது என் பிழைப்பு.
இதையும் அப்படிச் செய்துவிடலாம் என்று கிளம்பினேன்.

"செத்தவனைப் பார்க்க இரண்டு விமானமா?" என்றாள் அக்கா எஃபி.
"சித்தப்பா ஹாலிஃபாக்ஸில் உயிரோடு இருக்கிறார்,
அவரைப் பார்க்க உனக்கு ஒரு பஸ் கிடைக்கவில்லை."

மே மாதம். இன்வர்னெஸ். ஆவணக் காப்பகம்.
பேனா கூடாது, பென்சில் மட்டும்.
ருவரி என்ற பையன்
தூங்கும் பூனையைத் தூக்குவதுபோல் பதிவேட்டைத் தூக்கிவந்து
பஞ்சணையில் சாய்த்தான்.
ஸ்ட்ராத் கெல்டி திருச்சபை, ஞானஸ்நானங்கள்.
மழையில் மாட்டிக்கொண்ட எறும்புகளாக எழுத்துகள்.

மூன்று நாள் முழுக்க மதேசன்கள்.
மேய்ப்பன் மதேசன், நெசவாளி மதேசன்,
ஞாயிற்றுக்கிழமை சால்மன் பிடித்து
அபராதம் கட்டிய மதேசன்
(இவர் எங்கள் ஆளாக இருக்கக்கூடாதா என்று ஏங்கினேன்; இல்லை).
நான்காம் நாள், மதியத்துக்குச் சற்று முன்:
மார்ச் 1797. மர்டோவுக்கும் அவன் மனைவிக்கும் மகன், ஃபார்க்கர்.

விரல்விட்டுக் கூட்டினேன். எண்பத்து நான்கு. சரி.
சத்தமாகச் சிரித்துவிட்டேன் போல,
எதிர் மேசைக்காரர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

அத்தோடு மூடியிருக்கலாம்.
ஆனால் சாலை தெரிந்த பிறகும்
அடுத்த கம்பம்வரை போய்ப் பார்க்கிற கை இது.

நவம்பர் 1801. மர்டோவுக்கும் எஃபிக்கும் மகன், ஃபார்க்கர்.

அதே மர்டோ. அதே குன்றுச் சரிவு.
அதே பெயர்.

ருவரி இன்னொரு கட்டு கொண்டுவந்தான். சபையின் வரவுசெலவு.
மெழுகுவர்த்திக்கு இவ்வளவு, கூரைப் புல்லுக்கு இவ்வளவு,
நடுவில், 1799:
சிறிய சவத்துணி, வாடகை எட்டு பென்ஸ், மர்டோவின் ஃபார்க்கர்.
ஓரத்தில்: பாக்கி.

கப்பல் ஏறியவன் இரண்டாமவன்.
ஏறும்போது பதினேழு வயது.
அடுத்த வருடம் நிலம் கேட்டு எழுதிய மனுவில் மட்டும்
அவனுக்கு இருபத்து மூன்று:
இருபத்தொன்று ஆகாதவனுக்கு நூறு ஏக்கர் கிடையாது.
மனுவின் நகல் பத்து வருடமாக என் பையிலேயே கிடந்தது.
கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி போட்ட பையன்
அண்ணனின் வயதைக் கடன் வாங்கியிருக்கிறான்.
திருப்பித் தரவேயில்லை,
கல்லில்கூட அதையே வெட்டச் சொல்லிப் படுத்துவிட்டான்.

ஆக, நாங்கள் ஓட்ஸ் விதைத்தது,
அப்பா டிராக்டரைக் கவிழ்த்தது,
எஃபி பாதியை விற்றுக் கூரை மாற்றியது
எல்லாம் இரண்டு வயதுக் குழந்தை பேரில் வந்த பட்டாவில்.
அதற்கு முன் அந்தக் கரையில் மீன் உலர்த்தியவர்கள்
மிக்மாக் குடும்பங்கள்;
அவர்கள் பெயர் எந்தக் கணக்கிலும்,
ஓரத்துப் பாக்கியாகக்கூட, இல்லை.

"எஃபி என்பது எழுத்தர் போட்டது," என்றான் ருவரி.
"வீட்டில் ஐரிக் என்றுதான் கூப்பிட்டிருப்பார்கள்."

ஐரிக்.
அந்திநேரம் சரிவைப் பார்த்து நின்று
ஃபார்க்கர் என்று நீ குரல் கொடுக்கையில்
எவன் ஓடிவருவான் என்று
ஒரு நொடி, ஒரே நொடி,
தடுமாறியிருப்பாயா?

மறுநாள் ஸ்ட்ராத் கெல்டி போனேன்.
தேவாலயம் இப்போது விடுமுறை வீடு.
பின்புறம் வெந்நீர்த் தொட்டி, இரண்டு சாய்வு நாற்காலி.
எட்டு பென்ஸை யாரிடம் கட்டுவது?
மணியடித்தேன். யாரும் வரவில்லை.

இரவு எஃபியைக் கூப்பிட்டுச் சொன்னேன்.
"அப்படியென்றால் கல்லைத் திருத்தணுமே,
ஓர் எண்ணுக்கு நாற்பது டாலர் கேட்பான்" என்றாள்.
கெட்டில் கொதிக்கிற சத்தம் கேட்டது அவள் பக்கம்.
பிறகு,
"அந்தச் சின்னவனுக்குக் கல் இருக்கா?"

துணி மட்டும் என்றேன்.
அதுவும் வாடகை.