பேஸ் கித்தாருக்கு ஒரு சிவப்பு

வால்நட் பலகையைத் தட்டி
காதோடு ஒட்டிக் கேட்டான் ஐமோ.
"இதுதான்."
மீன் தராசில் தொங்கவிட்டேன்.
முள் ஓடிய தூரம் பார்த்து
அறுவை செய்த தோளைத் தடவிக்கொண்டான்.

ஆல்டர் எடுத்தோம்.
தம்பெரே ஏரிக்கரையில்
மீனுக்குப் புகை போடும் மரம்;
இழைக்க இழைக்கப் பசித்தது இருவருக்கும்.
கழுத்துக்கு மேப்பிள், அதில் பேச்சில்லை.

எண்ணெயா, அரக்கா என்றேன்.
நகப்பூச்சுக் குப்பியொன்றை எடுத்து வைத்தான்.
அடியில் ஒட்டிக் கிடந்தது சிவப்பு.
யாருடையதென்று நான் கேட்கவில்லை.
"குளியலறையில் விட்டுப்போனது" என்றான்
அவனாகவே.

மூன்று நாள் கலந்தேன்.
துண்டுப் பலகையில் பூசி, காயவைத்து,
பிப்ரவரியின் கொஞ்ச வெளிச்சத்தில்
ஜன்னலோரம் பிடித்தேன்.
"வேறு மாதிரி இருக்கிறதே."

திருத்தவா?

வேண்டாமென்றான்.
குப்பியை மேசையிலேயே விட்டுவிட்டு
முன்பணத்தை எண்ணத் தொடங்கினான்.