முந்நூறு எழுத்து மட்டும்

கடைசித் தேர்வு முடிந்தது.
மடிக்கணினியை மூடிய பிறகும்
விரல்கள் மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தன.
வெளியே ஈரி ஏரியிலிருந்து புறப்பட்ட பனி
கிளீவ்லாந்தைக் குறுக்காக அடிக்கிறது.

நூலக வாசலில் ஒருவர் உப்புத் தூவுகிறார்.
மூன்றாம் படியை விட்டுவிட்டார்.
நின்று அதையே பார்க்கிறேன்:
கடமை, மீறல், காரணம், சேதம்.
பேராசிரியர் டாலிவர்,
இனி எந்தப் படியிலும் என்னால் சும்மா இறங்க முடியாது.
உங்கள் கேள்வித்தாளில் எப்போதும் ஓர் ஏணி சாயும்,
யாரோ கொதிக்கும் சூப்போடு வருவார்கள்,
பக்கத்து வீட்டு நாய் குறுக்கே ஓடும்.
அந்த நாய்க்கு ஒருநாளும் நீங்கள் பெயர் வைக்கவில்லை.
நான் வைத்தேன், குறிப்பேட்டின் ஓரத்தில்:
பிஸ்கோ.

கைப்பேசியில் மதிப்பீட்டுப் படிவம்.
ஒன்று முதல் ஐந்து வரை வட்டங்கள்.
'ஆசிரியர் தயாராக வந்தாரா?'
ப்ராஸ்கா, என்னைவிடப் பதினோரு வயது இளையவர்,
காலரில் குழந்தை கக்கிய பால் காய்ந்திருக்க
வாக்குறுதிக்கும் ஒப்பந்தத்துக்கும் நடுவே
ஒரு மணி நேரம் எங்களை நடக்கவிட்டவர்.
என் முறை வந்தபோது நாக்கு ஒட்டிக்கொண்டது.
இழுவை வண்டி அலுவலகத்தில் பன்னிரண்டு வருடம்
இராத்திரி முழுக்கத் தொலைபேசியில் கத்தியவள் நான்.
"அவசரமில்லை, மிஸ் டெட்மர்.
விடை எங்கேயும் போய்விடாது."
போனது. மறுநாள் பேருந்தில் கிடைத்தது.
எழுதி அனுப்பினேன்.
இரவு ஒன்று நாற்பதுக்குப் பதில் வந்தது:
"அதுதான்."

ஐந்து.

கிராஸ்னிக் அவர்களே,
உங்களுக்குத்தான் கை வரவில்லை.
செப்டம்பரில் நீங்கள் விதிகளை வாசித்தது
ரயில் அட்டவணை வாசிப்பதுபோல இருந்தது.
பாதி வகுப்பு தூங்கியது.
"பதிலளிக்க இருபத்தெட்டு நாள்.
அளிக்காவிட்டால்
வாதி சொன்னதெல்லாம் ஒப்புக்கொண்டதாகிவிடும்."
பிறகு கண்ணாடியைக் கழற்றினீர்கள்.
"வராமல் போகிறவர்கள்
பெரும்பாலும் தவறு செய்தவர்கள் இல்லை.
உறையைத் திறக்கப் பயந்தவர்கள்."

எங்கள் குளிர்பெட்டிக் கதவில்
பீட்சாக் கடைக் காந்தத்தின் அடியில்
ஒரு பழுப்பு உறை இருந்தது.
எனக்குப் பதினாறு வயது.
அப்பா தினமும் அந்தக் கதவைத் திறந்து பால் எடுத்தார்.
ஒரு மாதம் பால் எடுத்தார்.
பிறகு வீடு எங்களுடையதில்லை.
சோம்பேறி என்று முடிவு கட்டியிருந்தேன்,
இருபத்தாறு வருடம், மறுவிசாரணை இல்லாமல்.

அன்று தண்ணீர் குடிக்கப் போகிறவள்போல
வகுப்பிலிருந்து எழுந்து போனேன்.
நீங்கள் கவனிக்கவில்லை.
கவனித்திருந்தாலும்
அடுத்த விதிக்குத்தான் போயிருப்பீர்கள்.
அதற்கும் நன்றி.

விடைத்தாளில் நான் 4417.
என் பெயர் உங்களுக்குத் தெரியக் கூடாது.
இந்தப் படிவத்திலும் நான் யாரோ.
'வேறு கருத்து: முந்நூறு எழுத்து மட்டும்.'
நன்றி என்று அடித்தேன். அழித்தேன்.
அந்த உறையைப் பற்றித் தொடங்கினேன்,
காந்தத்திலேயே இடம் தீர்ந்தது.
கடைசியில் எழுதியது இவ்வளவுதான்:
'இருபத்தெட்டு நாளை இன்னும் மெதுவாக வாசிக்கவும்.
தூங்குகிறவர்களை எழுப்பிவிட்டு.'

"மூன்றாம் படி" என்றேன் உப்புக்காரரிடம்.
திரும்பி வந்து ஒரு கை அள்ளி வீசினார்.
சேதமில்லை, வழக்குமில்லை.

பேருந்து நிறுத்தத்தில் அப்பாவை அழைத்தேன்.
எப்படி எழுதினாய் என்றார்.
ஜனவரியில் தெரியும் என்றேன்.
பனி இரண்டு முனையிலும் இரைந்தது.
"தபால் ஏதாவது வந்ததா?"
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"ஒன்று கிடக்கிறது," என்றார்.
"நீ வா."