இடது பெடல்

2001 மாடல் ஜென். மூன்றாவது கை நான்.
வாங்கிய அன்றே கவுஸ் பாய்
ஸ்க்ரூடிரைவரால் கதவின் அடியைக் குத்திப் பார்த்தார்.
அப்பளம் மாதிரி உதிர்ந்தது.
"காசிமேட்டுல நிக்கிற வண்டிக்கு
பெயிண்ட்டெல்லாம் மேக்கப்பு, நவமணிக்கா.
கடலு உள்ளருந்து துன்னும்."

தின்கிறது.
மூன்று வருடத்தில் ரன்னிங் போர்டு இரண்டும்,
டிக்கியின் தரை, பேட்டரி உட்காரும் தட்டு.
மீன் லாரிகள் ஐஸ் தண்ணீர் வடித்துப் போகும் தெருவில்
வேறெப்படி இருக்கும்.
கூரைமேல் எண்ணூர்ப் பக்கத்துக் கரி.
துடைத்த துணியை அலசினால்
வாளி நிறைய மை.

கால்மிதிக்கு அடியில்தான் பெரிய ஓட்டை.
கொருக்குப்பேட்டை கேட்டில்
கூட்ஸ் போகக் காத்திருந்தபோது தூக்கிப் பார்த்தேன்.
ஜல்லி. நசுங்கிய டீ கப்.
என் சூம்பிய காலுக்குக் கீழே
சாலை சும்மா கிடந்தது.
ரூபன் ஒரு எண்ணெய் டின்னை வெட்டி
வெல்டு வைத்துக் கொடுத்தான்.
டின்னில் அச்சடித்திருந்த மயில்
இப்போது தலைகீழாக அங்கே ஆடுகிறது.

மாடிஃபை செய்த வண்டி என்றால்
எக்ஸ்பிரஸ் ரோட்டுப் பையன்கள்
முதலில் சைலன்சரைக் குனிந்து பார்ப்பார்கள்.
அப்புறம் டயரை.
"இன்னாக்கா போட்டுக்கிற இதுல?"
கியர் தடியில் ஒரு புல்லட் கிளட்ச் லீவர், தம்பி.
அதிலிருந்து ஒரு கேபிள்.
அவ்வளவுதான்.

பெடலைக் கழற்றிய அன்று
கவுஸ் பாய் அதைத் துடைத்து என் கையில் தந்தார்,
பிடுங்கிய பல்லைத் தருவதுபோல.
நினைத்ததைவிடக் கனம்.

இதுவரை ஏழு கேபிள் அறுந்திருக்கிறது.
மூலக்கொத்தளம் சிக்னலில் ஒன்று.
கல்மண்டபத்தில் ஒன்று, கொட்டும் மழையில்,
பின்னால் கன்டெய்னர்காரன்
ஹாரனைக் கையால் அல்ல, குடும்பத்தோடு அமுக்கிக்கொண்டிருந்தான்.

ஆர்.டி.ஓ. ஆபீசில் ஆர்.சி.யில் எழுதினார்கள்:
இன்வேலிட் கேரேஜ்.
"இன்வேலிட்னா செல்லாதுன்னு தானே சார்?"
கிளார்க் நிமிரவில்லை.
"அது வேற இன்வேலிட்மா."
செல்லாத வண்டியை எடுத்துக்கொண்டு
ராஜாஜி சாலைக்குச் சென்றேன்.
பதினோரு ஷிப்பிங் பில் பாக்கி இருந்தது.

போன ஆடியில் ஒரு ராத்திரி
எவனோ கண்ணாடியை நெம்பி உள்ளே ஏறிவிட்டான்.
ஒயரை அறுத்து முறுக்கி
ஸ்டார்ட்டும் செய்துவிட்டான்.
கெட்டிக்காரன்;
எனக்கே மூன்று தடவை அடித்தால்தான் பிடிக்கும்.
பிறகு இடது காலை நீட்டியிருப்பான்.

மயில்தான் இருந்தது அங்கே.

இருட்டில் துழாவி,
சீட்டைப் பின்னுக்குத் தள்ளி மறுபடி துழாவி,
நல்ல கால்தான், ஓடக்கூடிய கால்,
அழுத்த ஒன்றுமில்லாமல்
அந்தரத்தில்
எவ்வளவு நேரம் நின்றதோ.

கடைசியில் கியரை முரட்டடியாகத் தள்ளியிருக்கிறான்.
அது அலறிய அலறலில்
தெருவில் நாலு வீட்டு விளக்கு எரிந்தது.
நான் தாங்குகட்டையைத் தேடி எடுத்து வருவதற்குள்
அவன் இல்லை. ஜாக்கியும் இல்லை.
வண்டி பத்தடி தள்ளி
எலிசபாவின் தண்ணீர் டிரம்மில்
மூக்கை வைத்துக்கொண்டு நின்றது.
டிரம்முக்கு நான்தான் காசு கொடுத்தேன்.

செகண்ட் கியர் பல்லை எடுத்துக் காட்டினார் கவுஸ் பாய்.
மூவாயிரத்து எண்ணூறு.
"பெடலத் திருப்பி மாட்டி வித்துடு, நல்ல ரேட்டு வரும்."
பெடல் வீட்டில் இருக்கிறது.
கடல்காற்றுக்கு மாடிக்கதவு அடித்துக்கொள்ளாமல்
அதைத்தான் முட்டுக் கொடுத்திருக்கிறேன்.

உள்ளே ஏறி உட்கார்ந்தேன்.
சீட் இன்னும் அவன் அளவில் இருந்தது.
முன்னால் இழுத்தேன்,
ஒன்று, இரண்டு, மூன்று பல்.
இன்னும் ஒன்று.