டிக்

பள்ளிப்பட்டு ஆஸ்பத்திரி, பழைய எக்ஸ்ரே அறை.
மேசைமேல் ரப்பர்க் குழந்தை.
இரு கட்டைவிரல், நாலு சென்டிமீட்டர்;
ஆழம் சரியென்றால்
நெஞ்சுக்குள் ஒரு டிக்.

சிஸ்டர் முனிலட்சுமி தமிழில்தான் எண்ணத் தொடங்குவார்.
ஆறு இரு மொழிக்கும் பொது.
அந்தப் பாலத்தில் ஏறி அக்கரை போய்விடுவார்:
ஏடு, எனிமிதி, தொம்மிதி.
முதல் அழுத்தம் வரை நாற்பத்தொரு விநாடி
என்று என் ஆய்வுப் படிவத்தில் இருக்கிறது.

வியாழன் ராத்திரி
நகரிப் பக்கமிருந்து ஷேர் ஆட்டோ.
துண்டுக்குள் நீலம்.
இந்த முறை ஒன்பதே விநாடி.

அழுத்த அழுத்த டிக் வரவில்லை.
அவர் என்னைப் பார்த்தார்.
நிஜக் குழந்தைக்கு அது கிடையாதென்று
பயிற்சியில் நாங்கள் சொன்னதே இல்லை.

பார்த்தபடியே எண்ணினார்.
பத்நாலுகு, பதிஹேனு,
மூச்சுப்பை,
மறுபடி ஒக்கட்டி.

நாலாவது சுற்றில்
விக்கலா அழுகையா என்று சொல்லமுடியாத ஒன்று.

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.