எட்டின் இடப்பக்கம்

வைகாசி இடியில்
நிமிடத்தின் கடைசிக் குழல் போயிற்று.
மணியின் முதல் குழலைப் பிடுங்கி
அங்கே நட்டேன்.
முதலிடத்தில் ஒன்று எரிந்தால் போதும், அணைந்தால் போதும்;
டெஸ்டரில் உருவிய நியான் பல்பு
அதைப் பார்த்துக்கொள்ளும்.
இந்தக் கெட்டிக்காரத்தனத்தைப்
பேட்டை முழுக்கச் சொல்லவில்லை,
செய்யதலியிடம் மட்டும் சொன்னேன்.

மறுநாள் ஷம்சாத் பாசஞ்சரை விட்டாள்.
ஆறு மூணுன்னு காட்டுச்சே,
நம்பித்தானே தலை சீவிக்கிட்டு நின்னேன்.

சரிதான்.
அது ஆறு எட்டு.
எட்டுக்கு இடப்பக்கம் எரியவில்லை.

ஈயம் வைத்த இடமெல்லாம் லென்சில் பார்த்தேன்.
நூற்றெழுபது வோல்ட்
ஒருமுறை என்னைப் பார்த்தது.
முழங்கை பீரோவில் இடித்த சத்தத்துக்குப்
பக்கத்து வீட்டில் லைட் போட்டார்கள்.
குழலை அடுத்த சாக்கெட்டுக்கு மாற்றினால்
கோளாறும் கூடவே வந்து குடியேறியது.

அப்புறம்தான் உறைத்தது:
இட்லித் தட்டு மாதிரி
பத்து எண்ணை அடுக்கிய கண்ணாடிக்குள்
ஏழு வருசமாய்
பூஜ்யத்தையும் ஒன்றையும் மட்டுமே கூப்பிட்டிருக்கிறேன்.
அவை உதிர்த்த தூசி
கூப்பிடாத கம்பிகளில் படிந்து கிடக்கிறது.

எட்டை மட்டும்
கூடுதல் கரண்டில் விடிய விடிய எரித்தேன்.
தண்ணீர் குடிக்க எழுந்தால் எட்டு.
கரண்ட் போய் வந்தாலும் எட்டு.

பாங்கு சொன்ன நேரம்
எட்டின் இடுப்புக்குக் கீழே
நூலளவு ஆரஞ்சு கசிந்தது.
கத்திக் கூப்பிட்டேன்.

வந்து பார்த்தாள்.
பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.
செருப்பை மாட்டினாள்.
இன்னும் அஞ்சு இருக்கு, ஏழு இருக்கு என்று
தெருமுக்கு வரை
சொல்லிக்கொண்டே போனேன்.