ஆறாம் வரி

வட்டுவாகல் பாலத்துக்கு அப்பால் அள்ளிய
ஒரு லீற்றர் தண்ணீர்
வடிதாளில் தேயிலைக் கறையாய்க் காய்ந்து
ஐஸ் பெட்டியில் கொழும்புக்குப் போய்
இருபது நாளில் திரும்பி வந்தது,
அறுபது இலட்சம் துண்டு எழுத்தாக.

அறிவியல்நகரில் மின்சாரம் நிற்பதற்குள்
ஓட்டி முடிக்கவேண்டும்.
நிரல் என்னுடையதல்ல. பனி பெய்யும் நாடொன்றில்
யாரோ தன் ஆற்றுக்கு எழுதியது.
முதல் ஐந்து வரியும் வெறும் சவரம்:
வாலை வெட்டும், தெளியாததை எறியும்.
ஆறாம் வரி
மனிதத் துண்டுகளை மாசு என்று நீக்கும்.

சரிதான். எந்த ஊர் நீரிலும்
எங்கள் கை, எங்கள் தும்மல்.
நான் தேடியது மீன்.

"இதில என்னென்ன தெரியும், பிள்ளை?"
அள்ளிய அன்று தோணிக்கார அருள்சீலன் கேட்டார்.
திரளி, மணலை, ஓரா என்றேன்.
"வேற?"
கரையில் எருமை, நீர்க்காகம்.
"வேற?"
அவர் துடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்,
நான் பெட்டியின் மூடியை.

சொல்லியிருக்கலாம்:
வெயிலும் உப்பும் சேர்ந்தால் மரபணு நிலைக்காது,
இரண்டு கிழமைக்கு மேல்
இந்தத் தண்ணீர் யாரையும் வைத்திருக்காது என்று.
சேறு வேறு கதை.
சேற்றை நான் அள்ளவில்லை.

இன்றிரவு
ஆறாம் வரியின் முன்னால் ஒரு குறி இட்டேன்.
அது ஓடாமல் நின்றது.
நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு துண்டுகள்,
நூற்றெழுபது எழுத்து நீளத்தில்.

வலை வீசியவர்
சவர்க்காரம் தேய்த்துக் குளித்த பொடியள்
முகாமின் வேலிக்குக் கீழால் வரும் வாய்க்கால்
கையுறையைக் கழற்றி நெற்றி துடைத்த நான் —
பிரிக்கப் பார்த்தேன்.
அடுக்கி, ஒன்றின்கீழ் ஒன்றாய் வைத்து,
எழுத்துக்கு எழுத்து.
அரித்துப் பார்த்தால் பிழைபட்ட வாசிப்புகள் சில,
மற்றதெல்லாம் ஒன்றே.
இந்த நீளத்தில் ஆள் தெரியாது.
இனம் மட்டும்தான் தெரியும்,
அதுவும் ஒரே இனம்.

மின்விசிறி நின்றது. கணினியின் மின்கலத்தில்
பதினொரு நிமிடம்.
குறியை அழித்து மறுபடி ஓட்டினேன்.
மேற்பார்வையாளருக்குப் போன அட்டவணையில்
பதினேழு மீன், எருமை, நீர்க்காகம், ஒரு நீர்நாய்.
நீர்நாயைப் பார்த்து அவர் சந்தோஷப்படுவார்.

மற்றதை எறிய மனம் வரவில்லை.
சேமிக்கப் போனேன், கோப்புக்குப் பெயர் கேட்டது.
'வேற' என்று வைத்தேன்.