இமைக் கணக்கு

இரவில் நிலக்கரி லாரி ஓட்டுகிறவன் நான்.
பகலில் எனக்குத் தூக்கம் வேண்டும்.
மகளுக்கு நான்கு வயது.
இந்த மூன்றையும் ஒரே கம்பளிக் கூடாரத்துக்குள்
வைத்துப் பூட்டியது
உலான்பாத்தரின் ஜனவரி.

வெளியே போகாதே என்கிறோம்.
வெளியே இருப்பது காற்றில்லை, புகை.
நான் ஏற்றி வந்த கரியின் புகைதான்
அவள் நெஞ்சில் ஏறி
இருமலாகக் குந்தியிருக்கிறது.
ஆகவே டிவி.

சோல்மோன் கம்பளி ஆலைக்குப் போகும்முன்
உலர்தயிர்க் கிண்ணத்தை வைத்துவிட்டுப் போவாள்.
நான் பொத்தானை அமுக்கிவிட்டுச்
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பேன்.
ஒரு நீலக் கரடி பாடத் தொடங்கும்.
காற்றடித்து ஆன்டெனா அசைந்தால்
கரடி போய்த் திரை முழுக்க வெண்புள்ளிகள் கொதிக்கும்.
அதையும் பார்த்துக்கொண்டிருப்பாள்.

நமூன் என்று பெயர். அமைதி என்று பொருள்.
பெயருக்கேற்ற பிள்ளை என்றார்கள் பக்கத்துக் கூடாரத்தில்.
நானும்தான் நம்பினேன்.

ஒரு மதியம் தூக்கம் பிடிக்கவில்லை.
படுத்தபடியே அவளைப் பார்த்தேன்.
திறந்த வாய்.
கீழுதட்டில் ஒரு சொட்டு எச்சில்,
விழலாமா வேண்டாமா என்று.
தயிர்த்துண்டோடு வாய்க்குப் போன கை
பாதி வழியில் வழி மறந்து நிற்கிறது.

அவள் இமைப்பதை எண்ண ஆரம்பித்தேன்.
லாரிக்காரனுக்கு எண்ணுவது பழக்கம்,
பாலம், கம்பம், மைல்கல்.
ஒன்று.
கரடி பாட்டை முடித்து அடுத்த பாட்டுக்குப் போனது.
இரண்டு.
எரிச்சலில் என் கண்ணில் நீர் வந்துவிட்டது.
அவள் கண்ணில் வரவில்லை.

மடித்த காலுக்குக் கீழே
கம்பளத்தில் ஈரம் பரவியது.
எனக்குத் தெரிந்தது,
அவளுக்குத் தெரியவில்லை.

அணைத்தேன்.

அந்தச் சின்ன உடம்புக்குள்
அவ்வளவு குரல் எங்கே இருந்தது?
வில்லாக வளைந்தாள். என் மணிக்கட்டைக் கடித்தாள்.
‘கரடியைக் கொன்னுட்டே,
நீதான் கொன்னுட்டே’ என்றாள்.
இல்லையடி, தூங்கப் போயிருக்கிறது என்றேன்.
‘கண்ணை மூடவே இல்லையே.’
பதில் இல்லை என்னிடம்.

அடுப்புப் பக்கம் ஓட எழுந்தவள்
இரண்டடியில் சரிந்து விழுந்தாள்.
அழுகை சட்டென நின்றது.
பாதத்தை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு
பயமும் வியப்புமாக நிமிர்ந்தாள்:
‘அப்பா, என் காலுக்குள்ள
டிவி ஓடுது,
புள்ளி புள்ளியா.’

ஈர உடையைக் கழற்றி
என் கோட்டுக்குள் அவளைச் சுற்றிக்கொண்டு
காலைத் தேய்த்தேன்.
குளிர்ந்த பாதம், என் உள்ளங்கை அளவு.
குதிகாலில், பிறகு பெருவிரலில்,
பிறகு ஒவ்வொரு சின்ன விரலிலும்
புள்ளிகள் அணைந்தன.
சுண்டுவிரல் அசைந்தபோது சிரித்தாள்.
இமைத்தாள், இமைத்தாள்.
எண்ண மறந்துபோனேன்.

மறுநாளும் டிவி போட்டேன்.
மறைக்க என்ன இருக்கிறது?
தூங்காதவன் ஓட்டும் லாரி
யார் வீட்டுச் சுவரில் போய் நிற்கும்?
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பதை மட்டும் விட்டேன்.
இருபது நிமிடத்துக்கு ஒருமுறை
அலாரம் வைத்து எழுந்து
‘கால் இருக்கிறதா?’ என்று கேட்கிறேன்.
திரையிலிருந்து கண்ணெடுக்காமல்
‘இருக்கு’ என்கிறாள்.
சில சமயம் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறாள்.

நேற்றிரவு சுரங்கச் சாலையில்
கண்ணாடிமேல் பனித்துகள் அறைய,
விளக்கொளியில் வெண்புள்ளிகள் கொதிக்க,
எத்தனை மைல்கல் போயிற்றோ,
என் வாய் திறந்திருந்தது.
கிளட்ச்மேல் இருந்த கால்
என்னுடையதாக இல்லை.